இடது பக்கத்து டிஸ்க்

மாடி வராந்தாவின் கோடி அறையில் யாரும் இல்லை. மேல்மாடியைப் புதுப்பிக்கிறார்கள் என்று நோயாளிகளைக் கீழே இறக்கிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. அந்த அறையில் இப்போது இருப்பதெல்லாம் பெயின்ட் டப்பாக்களும் மூலையில் ஒதுக்கிய இரும்புக் கட்டில்களும்தான். இருந்தும், சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரியே கொஞ்சம் கண்ணயரும் வேளையில், நர்ஸ்கள் மேஜைக்கு மேலே இருந்த போர்டில் கோடி அறையின் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே மணியும் ஒலித்தது.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையும் நோயாளிகளின் அழைப்பு மணிகளையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பெரிய சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேய்க்கு பெட்பேன் வேணுமாம். என்னன்னு போய்ப் பாருங்க மேடம்."

சொன்ன பிறகுதான் அந்த அறையில் கடைசியாக யாருடைய அக்கா படுத்திருந்தாள் என்பது பெரிய சிஸ்டருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லாத பஞ்சைத் தேடுகிறவரைப் போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒயரில் கோளாறு என்றால் ஒரேயடியாக அலறும், இல்லாவிட்டால் விக்கல் போல வெட்டி வெட்டி வரும். இது வேறு மாதிரி இருந்தது. சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. கொஞ்சம் காத்திருப்பு. மறுபடியும் சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. வீட்டு வாசல் மணியை அக்கா அப்படித்தான் அடிப்பாள், வேறு யாரும் இல்லை, நான்தான் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதற்காக.

மாடிப்படி முழுவதும் சிமென்டுத் தூள். ஈரப் பெயின்ட் வாசனை தொண்டையில் ஒட்டியது. வராந்தாவில் ஆள் யாரும் இல்லை. எலக்ட்ரீஷியன் தன் கருவிப் பையைச் சுவரோரமாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். காலையில் அவர்தான் இந்த மாடியின் மின்சாரத்தை நிறுத்திப் புது ஒயர் இழுத்தவர். "சர்வர் மேடம், உங்க பொட்டியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறேன், பின்னாடி பிளக் மாத்தணும். ஒரு காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்," என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியிருந்தாள்.

சர்வர் அறைக்கும் கோடி அறைக்கும் நடுவே வராந்தாவின் அகலம் மட்டும்தான். சர்வர் அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், இரைச்சலும் அப்படியே. அந்த இரைச்சலில்தான் அவளுக்கு நிம்மதி. திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் முதுகு கண்ணாடிக் கதவைப் பார்த்திருக்கும். உலகம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

அதில் இருந்த தேதி போன வருஷம் அக்கா இறந்த நாளின் தேதி.

எப்படி நடந்திருக்கும் என்பது உடனே புரிந்துவிட்டது. புரிந்ததில் ஒரு ஆறுதல்கூட வந்தது. அந்த சர்வர் பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள் உண்டு, இடது ஒன்று, வலது ஒன்று. ஒன்றில் எழுதுவது எதுவானாலும் அப்படியே மற்றதிலும் எழுதப்படும். கண்ணாடியும் முகமும் போல. ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும், வேலை நிற்காது. இடது டிஸ்க் ஒரு வருஷத்துக்கு முன்னால் ஜோடியிலிருந்து விலகிவிட்டது. விலகிய கணத்தில் அதன் உலகம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. வலது மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலை பிளக்கும் பேட்டரியும் கழற்றி மாட்டப்பட்டபோது, பெட்டி தவறுதலாக இடதிலிருந்து விழித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்த ஒன்று எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

விட்ட இடம் எது என்பதுதான் அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அக்காவுக்கு அன்று வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததிலிருந்து மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வேண்டும், ஃபேன் வேண்டும், ஃபேன் வேண்டாம். நர்ஸ்கள் சலித்துப்போனார்கள். நீங்க வெச்ச மெஷின்தானே மேடம், உங்க அக்கா பெல்லுக்கு ஒரு தாழ்ப்பாள் போட முடியாதா என்று பெரிய சிஸ்டர் விளையாட்டாகக் கேட்டார். அவள் போட்டாள். பழுது பார்ப்பதாகக் குறித்துவிட்டால் அந்த அறையின் மணி நர்ஸ்களுக்குப் போகாது. இந்தத் திரையில் மட்டும் சத்தமில்லாமல் ஒரு சிவப்புப் புள்ளியாக வந்து போகும்.

சாயங்காலம் அந்தப் புள்ளி வந்தது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. பிறகு அந்த ஒழுங்கு கெட்டது. கண்டபடி. நீள நீளமாக. இது தண்ணீருக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு புள்ளி வரவில்லை.

அக்காவை வெறுத்தாளா என்று தன்னைத்தானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெறுப்பு என்று தனியாக ஒன்று இருந்ததாகத் தோன்றவில்லை. அக்காவின் பாவாடை சிறிதானால் அவளுக்கு வரும், அக்காவின் புத்தகம் ஓரங்களில் அக்காவின் கையெழுத்தோடு வரும். அம்மையைக்கூட அக்காவிடமிருந்துதான் வாங்கிக்கொண்டாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். எல்லாம் தேய்ந்த பிறகு வந்தன. அத்தான் விஷயத்தில் மட்டும் அப்படிக் காத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆபரேஷனுக்காகப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கிய அந்தச் சில நாட்களில், அக்காவின் அடுப்பில் சமைத்து, அக்காவின் செருப்பை மாட்டிக்கொண்டு, பாப்பாவின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, திரும்பிப் போக வேண்டாம் என்று அவளுக்குள் யாரோ தெளிவாகச் சொன்னது நினைவிருக்கிறது. குரல் அவளுடையதுதான்.

அக்கா இறந்த அன்றே அழைப்புப் பதிவு முழுவதையும் அழித்துவிட்டாள். பெல்லைக்கூட அழுத்தலையே, தூக்கத்துலயே போயிட்டாளே என்று அத்தான் அழுதார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விஷயம் மட்டும் அவளுக்குத் தினமும் தூக்கத்தைக் கொடுத்தது: அக்காவுக்கு எதுவும் தெரியாது. யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பாள்.

அந்த வாரமே இடது டிஸ்க்கின் மேல் பழுதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிவதைப் பார்த்தாள். அது எப்போது விலகியது என்று தேடிப் பார்த்தாள். புள்ளி வந்துகொண்டிருந்த நேரத்தில். அவள் அழிப்பதற்கு முன்னால். வலதில் செய்த அழிப்பு இடதுக்குப் போகவே இல்லை. மணி அதற்குள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டியது கடமை. ஆனால் அதைத் தொடக் கை வரவில்லை. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினாள். வருஷம் போனது. அத்தான் கணவரானார். பாப்பா ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் தவறிப்போய் அம்மா என்று கூப்பிட்டது. பிறகு தவறாமல் கூப்பிட்டது. டேப்பும் அங்கேயே இருந்தது.

அன்று போட்ட தாழ்ப்பாளையும் மீறி, கீழே மணி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

சரி. இன்றோடு முடித்துவிடலாம்.

பெட்டியை நிறுத்தினாள். மணியும் நின்றது. எந்த டிஸ்க்கையும் உருவுவதற்கு முன்னால் அதன் எண்ணைத் திரையில் ஒருமுறை, உடம்பில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். தப்பான பக்கத்தை உருவிவிட்டால் நல்லது போய்விடும், கெட்டதிலிருந்தே பிரதி எடுக்கும். இன்று எண்ணைப் பார்க்கவில்லை. அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எந்தப் பக்கம் என்றுகூடக் கவனிக்காமல் கறுப்பு டேப்பை மட்டும் பார்த்தாள், அது ஒட்டியிருந்ததை உருவினாள், அந்த இடத்தில் புது டிஸ்க்கைச் செருகினாள். பெட்டியை மறுபடி எழுப்பினாள். பிரதி எடுத்து முடித்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்கும்படி அவளே அமைத்து வைத்திருந்தாள். கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு மட்டும் மெல்ல வளரத் தொடங்கியது.

உருவிய டிஸ்க் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. சற்றுமுன்வரை படுத்திருந்தவரின் தலையணை போல.

எலக்ட்ரீஷியனின் பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கைகழுவும் தொட்டிக்குப் போனாள். தொட்டியின் கல்மேல் அதை வைத்தாள். முதல் அடியில் வழுக்கியது. இரண்டாவது அடியில் மூடி நெளிந்தது. பிறகு அவளுக்குள் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்தது. இது பாவாடைக்கு. இது ஓரத்தில் எழுதிய கையெழுத்துக்கு. இறந்த பிறகும் அந்த வீட்டின் சமையலறையில் உப்பு டப்பாவை அதன் பழைய இடத்திலேயே வைக்க வைத்ததற்கு இது. உள்ளே இருந்த வட்டத் தகடு பளபளவென்று வெளியே வந்தது. அதில் ஒரு முகம் தெரிந்தது. அதையும் அடித்தாள். வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள் என்பது சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பியபோதுதான் தெரிந்தது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. வெளியே வெயில் மங்கி, கண்ணாடிக் கதவின் வழியே வந்த வெளிச்சம் பழுப்பாகியிருந்தது. எங்கோ பவுடர் வாசனை. பெயின்டில்கூட இப்போதெல்லாம் வாசனை கலக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. வீட்டு எண். பாப்பா பள்ளியிலிருந்து வந்திருக்கும்.

"சித்தி," என்றது பாப்பா. "அம்மா எப்போ வருவாங்க?"

விளையாட்டு என்று நினைத்தாள். பேசுவது அம்மாதான் என்று மெதுவாகச் சொன்னாள்.

"பொய் சொல்லாதீங்க சித்தி," என்றது பாப்பா. குரல் உடைந்திருந்தது. ஃபோன் கைமாறியது.

"காலையிலேருந்து இதே நச்சரிப்பு," என்றார் அவர். "மயக்கம் தெளிஞ்சிருக்கும்ல? உங்க அக்காகிட்ட ஃபோனைக் கொஞ்சம் குடேன், பாப்பா ரெண்டு வார்த்தை பேசட்டும்."

"என்னங்க..." என்றாள்.

அவர் சிரித்தார். மச்சினியிடம் சிரிக்கும் சிரிப்பு. ஒரு வருஷமாக அவள் அதைக் கேட்கவில்லை. "என்னங்கவா? அதென்ன புதுசா? அத்தான்னு கூப்பிட வாய் வலிக்குதா உனக்கு?"

ஃபோன் மேஜைமேல் கிடந்தது. அவள்தான் வைத்திருக்க வேண்டும். விரலில் மோதிரம் இருந்த இடத்தை மற்ற கை தடவியது. வழவழப்பு. மோதிரத்தின் தடம்கூட இல்லை.

எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் செய்தாள். காலையில் பெட்டியைத் தள்ளியபோது எதையாவது தொட்டீர்களா என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஒண்ணும் இல்லையே மேடம். ஒரு கறுப்பு டேப் கழண்டு கீழ கிடந்துச்சு. காத்துல பறந்துடும்னு எடுத்து ஒட்டிட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். ஏன் மேடம், தப்பா?"

அவள் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். அது இடதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. முழுக்க முழுக்க இடதிலிருந்து. வலது, அவளுடைய வலது, பள்ளிக்கூட வாசலும் மோதிரமும் அம்மா என்ற அழைப்பும் இருந்த அந்த ஒரு வருஷம், கைகழுவும் தொட்டியில் துண்டு துண்டாகக் கிடந்தது. அவளே அடித்தாள். சிரித்துக்கொண்டே அடித்தாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி நிற்கவில்லை. மின்சாரம் போனால் தாங்குவதற்கு பேட்டரி வைத்தவளும் அவள்தான். பேட்டரி ஒயரைத் தேடினாள். எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் அழகாகச் சேர்த்துக் கட்டியிருந்தார். நகம் உடைந்தது. கட்டு அவிழவில்லை.

கோடு நிறைந்தது.

திரை விழித்தது. அதே தேதி. கோடி அறை. சிவப்புப் புள்ளி.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

பிறகு ஒழுங்கு கெட்டது.

வராந்தாவில் பெயின்ட் வாசனை இல்லை. ஃபினாயில் வாசனை இருந்தது. எதிரே கோடி அறைக் கதவின் மேல் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது.

இந்த முறை எழுந்தாள். கால்கள் தாமாகவே எழுந்தன. ஒருவேளை, என்று நினைத்தாள். ஒருவேளை இப்போது போனால். அக்கா பிழைத்துக்கொண்டால், நான் திரும்பவும் வெறும் சித்தி. பரவாயில்லை. பரவாயில்லை அக்கா. ஓடினாள். வராந்தாவின் அகலம்தான். ஆனாலும் மூச்சு வாங்கியது.

பெயின்ட் டப்பாக்கள் இல்லை. ஒரே ஒரு கட்டில். வெள்ளை விரிப்பு. அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பவுடர் போட்டு, வீட்டுக்குக் கிளம்பத் தயாரானவளைப் போல. மணியின் பொத்தான் கையில் இருந்தது. கட்டைவிரல் அதன்மேல்.

"எவ்வளவு நேரம்டி கூப்பிடறது?" என்றாள் அக்கா.

கோபமே இல்லாத குரல். வாசலில் காத்திருந்து கால் வலித்தவளின் சலிப்பு மட்டும்.

"வந்துட்டேன் அக்கா," என்றாள். "இதோ வந்துட்டேன்."

"வந்துட்டே," என்றாள் அக்கா. குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தாள். "என் செருப்பு. கழட்டு."

கழற்றினாள். தரை சில்லென்றிருந்தது. அக்கா கட்டிலிலிருந்து இறங்கி அதில் கால்களை நுழைத்தாள். விரல்கள் அழுந்தி அழுந்தி உண்டான பள்ளங்களில் அவள் விரல்கள் அப்படியே போய் உட்கார்ந்தன. ஒரு வருஷமாக அந்தப் பள்ளங்கள் இவளுக்குப் பொருந்தவே இல்லை.

நெஞ்சில் ஏதோ இறுகியது. கட்டில் விளிம்பைப் பிடித்தாள். அக்கா அவள் தோள்களைப் பிடித்துப் பதமாகப் படுக்க வைத்தாள். தலையணையைச் சரி செய்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள். பொத்தானை அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"இப்படிக் கொஞ்சம் சாஞ்சு படு," என்றாள். "இங்கேருந்து எல்லாம் நல்லாத் தெரியும்."

செருப்புச் சத்தம் வெளியே போனது. அக்கா கதவை மூடவில்லை.

மூச்சு வரவில்லை. அழுத்தினாள். சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. யாரும் ஓடி வரவில்லை. கீழே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அழுத்தினாள். வாயைத் திறந்தாள். காற்று போகவும் இல்லை, வரவும் இல்லை. தலையைத் திருப்பினாள்.

திறந்த கதவு. வராந்தா. அதற்கு அப்பால் கண்ணாடிக் கதவு.

கண்ணாடிக்கு அப்பால் நாற்காலியில் ஒரு முதுகு. வாரிய தலை. மடியில் கோத்த கைகள்.

அக்கா அன்றைக்கு இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆரம்பத்திலிருந்து. கடைசிவரைக்கும்.

அழுத்தினாள். அந்த முதுகுக்கு எதிரே திரையில் சிவப்புப் புள்ளி வந்து போனது. அழுத்தினாள். வந்து போனது. மேஜைமேல் ஃபோன் ஒளிர்ந்தது. அக்கா அதைக் காதில் வைத்துக்கொண்டாள். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, குழந்தையிடம் பேசும்போது சாய்வதைப் போல. மறு கையால், பார்க்காமலே, கறுப்பு டேப் சுருளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தாள். திரையில் சிவப்புப் புள்ளி வரும் இடத்தின்மேல் அதை வைத்து, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து ஒட்டினாள்.

திரும்பவே இல்லை.